கப்பல் இருக்கிறவர் முதலில்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகமில்லை, ஒரு கேள்வி. "போட் எத்தன மணிக்கு?" என்று கேட்பார். நல்லாயிருக்கீங்களா, சாப்பிட்டாச்சா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சென்னையில், கடலே கண்ணில் படாத ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில், பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரும் மனிதர் இப்படிக் கேட்டால் யாருக்கும் குழப்பமாகத்தான் இருக்கும். "போட்டா? நாங்க பஸ்ல வந்தோம்" என்றார் திருவண்ணாமலைப் பக்கத்து அம்மா ஒருவர். எனக்குக் குழப்பமே இல்லை. நம்ம ஊர் ஆள் என்று உடனே தெரிந்துவிட்டது.

அந்தமானில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மெயின்லேண்ட்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ரேஷன் கடையோ பாங்கோ ஆஸ்பத்திரியோ, எங்கே வரிசை நின்றாலும், "எனக்கு போட் இருக்கு" என்று ஒருவர் சொன்னால் வழிவிட்டுவிடுவோம். பஸ் போனால் அடுத்த பஸ் வரும். ஹேவ்லாக் தீவுக்குப் போகிற கடைசி போட் போய்விட்டால் அன்றைக்கு வீடு கிடையாது. தூரத்துத் தீவு என்றால் அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியாது. யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் தமிழர், வங்காளி, தெலுங்கர் எல்லாரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள்தான். நானும் வழிவிட்டிருக்கிறேன், முணுமுணுத்துக்கொண்டே. அவசரம் எனக்குக் கூடப் பிறந்தது. போர்ட் பிளேயர் பஜாரில் எங்களுக்கு ஒரு துணிக்கடை இருக்கிறது. வருகிறவர் சேலையைத் தொட்டுப் பார்ப்பதற்குள் நான் மடித்துப் பையில் போட்டுவிடுவேன் என்று என் வீட்டுக்காரர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

மற்றவர்கள் கேட்டால் வழிவிடுவார்கள். இவர் யாரும் கேட்காமலே தானாக விசாரித்து வழிவிடுகிறவர். வித்தியாசம் அதுதான்.

போர்ட் பிளேயரின் சாத்தம் ஜெட்டியில், எதிர்க்கரையிலுள்ள பாம்பூஃபிளாட்டுக்கு வண்டிகளை ஏற்றிப் போகிற ஃபெரி போட்டில் கயிறு கட்டி அவிழ்க்கிற வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிவரப்பட்டவர். சுனாமிக்குப் பிறகு குடும்பம் பாம்பூஃபிளாட்டுக்கு வந்துவிட்டது. பால் இல்லாத டீயை அவர் சாயத்தண்ணி என்றுதான் சொல்வார். ஆஸ்பத்திரி கேன்டீனில் போய் "ரெண்டு சாயத்தண்ணி" என்று கேட்டு, அந்தப் பையன் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து ரசிப்பார். எனக்கு வயிறு எரியும் என்று தெரிந்ததும் ஒன்று மட்டும் வாங்கினார். அதையும் என் முன்னால் குடிக்கக் கூச்சப்பட்டு வராந்தாவுக்கு எடுத்துப் போய்விட்டார்.

அவருடைய சம்சாரம், நான் மதினி என்று கூப்பிடுகிறவர், அவரைப் பற்றிச் சொல்லும் கதைகளில் பாதி திட்டு, பாதி பெருமை. கல்யாணத்தன்றைக்கு, தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு போட் போய்விடும் என்று முதல் பந்தியில் அவர்களை உட்கார வைத்தாராம். இரண்டாவது பந்தியிலும் அப்படி நாலு பேர் கிளம்பினார்களாம். கடைசியில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சோறும் ரசமும்தான் மிச்சம். "இந்த மனுசன கட்டிக்கிட்டா வாழ்க்க பூரா ரசந்தான்னு எங்கம்மா அன்னைக்கே சொல்லிச்சு" என்பார் மதினி. ஜெட்டியில், ஓடிவருகிற யாரையாவது பார்த்துவிட்டால் கயிற்றை அவிழ்க்காமல் முடிச்சோடு மல்லுக்கட்டுவது போல நடிப்பாராம். மேலிருந்து போட்டை ஓட்டுகிற ஸ்ராங் "அரே, ஜல்தி கரோ!" என்று கத்துவார். "கயிறு நனைஞ்சிருக்கு சாப்" என்பாராம் இவர். எந்தக் கயிறுதான் அங்கே நனையாமல் இருக்கிறது?

கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மதினி இன்னொன்றும் சொன்னார், அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. சோறு தொண்டையில் நிற்கிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்துப் பல மாதம் கழித்துத்தான் டாக்டர் அவரைப் பார்த்தார். போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. போவார். வரிசையில் நிற்பார். பின்னால் திரும்பி "போட் எத்தன மணிக்கு?" என்று கேட்பார். ஒவ்வொருவராக முன்னால் அனுப்புவார். அவர் முறை வருவதற்குள் டாக்டர் எழுந்து போயிருப்பார். நமக்குப் பக்கம்தானே, நாளைக்கு வரலாம் என்று அடுத்த ஃபெரியில் வீட்டுக்கு வந்துவிடுவார். "நான் கூடப் போயிருக்கணும். சட்டயப் புடிச்சி உள்ள தள்ளியிருக்கணும்" என்றார் மதினி. எனக்கு அந்த நல்ல மனிதர் மேல் கோபம் கோபமாக வந்தது.

எங்கள் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே நோய். எனக்கு இரைப்பையின் மேல்பக்கம். அவருக்கு உணவுக்குழாய் இரைப்பையோடு சேருகிற இடம். இரண்டும் ஈரலுக்குப் பரவியிருந்தன. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி வார்த்தைகளில் சொன்னார்கள். பிறகு, கட்டியிலிருந்து எடுத்த சதையில் ஏதோ ஒரு அடையாளம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். அந்த அடையாளத்தை மட்டும் தேடிப்போய்த் தாக்குகிற ஒரு புது மருந்தைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். எங்கள் இருவருக்கும் அந்த அடையாளம் இருந்தது. ஊர் ஒன்று, நோய் ஒன்று, அடையாளமும் ஒன்று.

இளவயது டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "எல்லாருக்கும் கீமோ உண்டு. அதோட இன்னொரு பாட்டில் ஏத்துவோம். சிலருக்கு அதுல புது மருந்து இருக்கும். சிலருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் சீட்டுப் போடும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புது மருந்து உதவுமான்னே இன்னும் யாருக்கும் தெரியாது, அதனாலதான் இந்த டிரையல்."

"கம்ப்யூட்டருக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டார் அவர்.

"அதுக்குத் தெரியும்."

"அப்பச் சரி. யாரோ ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்."

வெளியே வந்து எனக்கு அவர் பாணியில் இன்னொரு தடவை விளக்கினார். "ரெண்டு போட் நிக்குது தங்கச்சி. ரெண்டுக்கும் ஒரே பெயின்ட். ஒன்னுல எக்ஸ்ட்ரா இஞ்சின் வச்சிருக்கான். எதுலன்னு சொல்ல மாட்டான். ஏறி ஒக்காந்துக்க வேண்டியதுதான்."

எங்களைப் பதிவு செய்கிற நாளில் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை நெஞ்சில் நிற்கிறது. வீட்டிலிருந்து ஒருவர் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அன்று பிற்பகல் கப்பல். மகளுக்குப் பிரசவ நேரம், போர்ட் பிளேயரில் லம்பா லைன் வீட்டில் அவள் தனியாக இருந்தாள். அந்தக் கப்பலை விட்டால் அவரால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. வரிசையில் எனக்கு முன்னால் அந்தப் பாம்பூஃபிளாட் அண்ணன் உட்கார்ந்திருந்தார், அடுத்து அவர் முறை. வழக்கம்போலத் திரும்பிக் கேட்டார். நான் சொல்வதற்குள் என் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார்.

அவர் எழுந்து நர்ஸிடம் போனார். "சிஸ்டர், இவங்களுக்குக் கப்பல் இருக்கு. மொதல்ல அனுப்புங்க."

"வரிசைப்படிதாங்க என்ட்ரி போடணும். இங்க கப்பல் கணக்கெல்லாம் கிடையாது."

"அப்ப வரிசையே மாத்திக்கிறோம். நான் அவங்களுக்குப் பின்னாடி. ஒங்களுக்கு என்னா நட்டம்?"

நர்ஸ் சிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. "ரொம்ப நன்றிண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டரில் என் பெயர் ஏறியது, சீட்டு விழுந்தது. அடுத்து அவர் பெயர் ஏறியது. என் வீட்டுக்காரர் கப்பலைப் பிடித்தார், பேத்தி பிறந்தபோது பக்கத்தில் இருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது.

பிறகு சில வாரங்களில் என் கன்னத்திலும் கழுத்திலும் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பின. புது மருந்துக்குத் தோலில் இப்படி வரலாம் என்று எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"வந்துருச்சு தங்கச்சி! அரே வாஹ்! இஞ்சின் ஒன்னோட போட்லதான்!"

கூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் கன்னத்தைத் தடவிக் காட்டினார். "எனக்குப் பாரு, மாப்பிள்ள மாதிரி வழவழன்னு இருக்கு" என்றார். டாக்டரம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னதும் அவரேதான். "கீமோவுக்கு முன்னாடி போடுற ஸ்டீராய்டுலயும் இப்படி வரும். இத வச்சு ஒன்னும் சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா எத்தனையோ சொல்லிப் பார்த்தார். நாங்கள் காதில் வாங்கவில்லை. தீவுக்காரர்கள் மேகத்தைப் பார்த்து ஊகிக்கப் பழகினவர்கள், டாக்டர் சொன்னால் மட்டும் ஊகத்தை விட்டுவிடுவோமா?

அறைக்குப் போய்க் கண்ணாடி முன் நின்றேன். பருக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் கன்னம் வழவழவென்று இருந்தது எனக்கு அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. முதலில் சந்தோஷம், பிறகுதான் அவர். அந்த வரிசையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது. அன்று முன்னால் போகாமல் இருந்திருந்தால் அந்தச் சீட்டு அவருக்கு விழுந்திருக்கும். அவருடையதை எடுத்துக்கொண்டு, அதற்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஒருமுறை அவரிடமே கேட்டேன். ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது, இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்.

"அண்ணே, அன்னைக்கு என்னைய முன்னாடி விடாம இருந்தா, இது ஒங்களுக்குல்ல வந்திருக்கும்?"

"வந்திருக்கும்."

"ஒங்களுக்கு வருத்தமில்லையா?"

யோசித்தார். சமாதானத்துக்காகச் சட்டென்று பதில் சொல்கிற ஆளில்லை. "கொஞ்சம் இருக்கு தங்கச்சி. இல்லன்னா பொய்யி. ஆனா ஒன் வீட்டுக்காரருக்குக் கப்பல் இருந்துச்சே. நான் என்னா பண்றது?"

அந்தக் 'கொஞ்சம் இருக்கு' என்னை என்ன பாடு படுத்தியது என்று அவருக்குத் தெரியாது. இல்லவே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

ஸ்கேனில் என் கட்டிகள் சுருங்கியிருந்தன. அவருக்கு வளர்ந்திருந்தன. டிரையலிலிருந்து அவரை எடுத்து வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் கேட்கவில்லை. பாம்பூஃபிளாட்டுக்கே திரும்பிவிட்டார். நான் ஊருக்கு வந்திருந்தபோது போய்ப் பார்த்தேன். அவருக்குத் தண்ணீர் இறங்குவதே கஷ்டமாக இருந்தது. கன்னம் ஒட்டி எலும்பு தெரிந்தது, ஆனால் அப்போதும் ஒரு பருகூட இல்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தியின் படத்தைப் போனில் காட்டினேன். வெகுநேரம் வைத்துப் பார்த்தார். பிறகு வாசலைக் கையால் காட்டி, மெதுவாக, "போட்டுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றார். இன்னும் நேரம் இருந்தது. இருந்தும் கிளம்பிவிட்டேன். அந்த அறையை விட்டு வெளியேற எனக்கு அவரே வழிவிட்டார். அதையும் எடுத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு மதினியைப் பார்க்க அடிக்கடி போனேன். திட்டுவார், குறைந்தபட்சம் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். எனக்கு அதுதான் வேண்டியும் இருந்தது. மதினியோ என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "சதை போட்டுருக்க புள்ள" என்பார். தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்வார். என் வயிற்றுக்குச் சம்பல் ஆகாது என்பதால் எனக்கு மட்டும் உறைப்பில்லாமல் தனியாக அரைப்பார். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணிடம் என்னைக் காட்டி, "மேரா ஆத்மி கா தவா, இஸ்கோ மிலா" என்று அவர் சொன்னதை ஒருமுறை கேட்டேன். என் புருஷனுடைய மருந்து இவளுக்குக் கிடைத்தது என்று அர்த்தம். பழியாகச் சொல்லவில்லை. பிள்ளை பரீட்சையில் தேறியதைச் சொல்கிற குரலில் சொன்னார்.

"வாழ்க்க பூரா அடுத்தவங்களுக்கு வழி விட்டாரு, ஒருத்தராவது திரும்பி வந்து பாத்ததில்ல" என்றார் ஒருநாள். "நீதான் வர்ற. ஒன்னப் பாக்கறப்ப அவரு வீணாப் போகலன்னு தோணும்." அந்த ரொட்டியை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

போன மாதம் செக்கப்புக்குச் சென்னை போனபோது அதே டாக்டரம்மா உட்கார வைத்துப் பேசினார். டிரையல் முடிந்துவிட்டதாம், சீட்டைப் பிரித்துவிட்டார்களாம். எனக்கு விழுந்தது என்ன என்று விருப்பமிருந்தால் சொல்வார்களாம். எனக்குத்தான் தெரியுமே என்று நினைத்துக்கொண்டே, சொல்லுங்கள் என்றேன்.

உப்புத்தண்ணி.

"கீமோ மட்டுமே உங்களுக்கு இவ்வளவு நல்லா கேட்டிருக்கு. எல்லாருக்கும் இப்படி நடக்கிறதில்ல" என்றார். அந்தப் பருக்கள்? "அப்பவே சொன்னேனே, ஸ்டீராய்டு." அண்ணனுக்கு என்ன விழுந்தது என்று கேட்டேன். அதை அவர் குடும்பத்துக்குத்தான் சொல்லலாமாம்.

ஆட்டோவில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன், டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அண்ணனிடமிருந்து நான் எதையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அவர் பங்கு உப்புத்தண்ணியைத்தான் எடுத்திருக்கிறேன். ஒருவேளை அவருக்குத்தான் மருந்து போயிருக்கும், தெரியாமலே ஒருமுறையாவது நல்ல பங்கை அவரே வைத்துக்கொண்டிருப்பார். இத்தனை காலம் சுமந்ததை இறக்கி வைத்தாயிற்று என்று நினைத்தேன். சிரித்து முடித்ததும் மதினியின் கைகள் ஞாபகம் வந்தன.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் சாத்தத்தில் போட் ஏறினேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழி முழுக்கப் பேசிப் பார்த்தேன். நான் வாங்கிக்கொள்ளாத ஒன்றுக்காக அவர் என்னைத் தாங்குவது நியாயமில்லை. உண்மை அவருக்குச் சேரவேண்டியது.

மதினி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்துச்சு புள்ள. அவருக்கு என்னா மருந்து போட்டாங்கன்னு தெரிஞ்சுக்கணுமான்னு கேட்டாங்க. யோசிச்சு சொல்றேன்னு வச்சிட்டேன்." மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். "ஒனக்குச் சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க மதினி."

"ஒனக்குத்தானே வந்துச்சு?"

அவர் முகத்தில் பயம் இருந்தது. அண்ணன் இறந்த அன்றுகூட நான் அந்தப் பயத்தைப் பார்க்கவில்லை. நான் பேசிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் அந்த ஃபெரியிலேயே தங்கிவிட்டன.

"ஆமா" என்றேன். "எனக்குத்தான்."

மதினி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கன்னத்தைப் பிடித்தார், துடைத்தும் போகாத மாவு அப்பிக்கொண்டது. "எனக்குத் தெரியும்" என்றார். "அப்ப நான் என்னத்துக்குக் கேக்கணும்? வேணாம்னு சொல்லிடறேன்."

எழுந்துபோய் அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்து என் தட்டில் போட்டார். அப்பாடா, இனிமேல் இவருக்குத் தெரியவராது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. தன் புருஷனுக்கு என்ன கிடைத்தது என்று தெரிந்துகொள்ள மதினியின் முறை வந்திருந்தது. இந்த முறை எனக்குக் கப்பல்கூட இல்லை. இருந்தும் நான்தான் முன்னால் போய்விட்டேன்.

"சாப்புடு புள்ள" என்றார் மதினி. "போட் எத்தன மணிக்கு?"